கோரலைக் கூப்பிடுகிற ஆள்

இத்தாலியின் பலேர்மோ நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த தோட்டவீட்டில் முதலாளி சிஞ்ஞோரே வேலி போட்டு அடைத்து வைத்திருந்தது ஒரேயொரு கோரல். இமயமலைக் காட்டாடு. மனிதவாடை பட்டால் பாறையோடு பாறையாக ஒட்டி நின்றுவிடும். பத்தடியில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆறு வருசத்தில் அது நம்பியது தோட்டக்காரர் மகேந்திரராசாவை மட்டும். ஒலிவ் இலைக்குழையை ஆட்டி, "பா... பா..." என்றால் இறங்கி வரும்.

அன்றைக்குத் துவக்கோடு ஒரு விருந்தாளி. சுவரில் மாட்டக் கொம்பு வேண்டுமாம். ஒரு மணித்தியாலம் தேடிக் களைத்த பிறகு சிஞ்ஞோரே மகேந்திரராசாவைப் பார்த்தான்.

"நீ கூப்பிடு."

சாப்பாடு கொண்டுவந்த மகள் கிருசாந்தினி குறுக்கே நின்றாள். விலங்கியல் படித்துப் பட்டம் எடுத்தவள். அந்தக் குடும்பத்தில் முதல் ஆள்.

"அப்பா, வாயைத் திறக்காதேங்கோ."

"இந்த நாட்டிலை இருக்கிற பெர்மெசோ புதுப்பிக்க இவன்ரை வேலைக் கடிதம் வேணும். விலகு."

"உங்களை நம்பி வாறதைச் சுடக் குடுத்தோ கடிதம் வாங்கப் போறியள்?"

"நீ படிச்சதும் இந்தக் கடிதத்திலைதான், பட்டதாரி."

அவள் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அவர் பிடித்துத் தள்ள, கல்லில் விழுந்து அவள் முழங்கை கிழிந்தது. அவர் குழையை ஆட்டினார்.

"பா... பா..."

கோரல் வந்தது. விருந்தாளி சுட்டான். குண்டு இடுப்பை உடைத்தது. முன்கால்களால் மண்ணைக் கிண்டி, பின்னுடலை இழுத்துக்கொண்டு, அது பாறைக்குப் போகவில்லை. மகேந்திரராசாவின் காலடிக்கே வந்தது.

"இனிச் சுட்டால் தலை பழுதாகும். கத்தியால் முடி," என்றான் சிஞ்ஞோரே.

மகேந்திரராசா கத்தியை எடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தார். வெட்டு ஆழமாக விழவில்லை. கோரல் அலறியது. கிருசாந்தினி கத்தியைப் பறித்து, முழங்காலால் கழுத்தை அழுத்தி, ஒரே இழுவையில் அறுத்தாள். இரத்தம் அவள் முகம்வரை அடித்தது.

விருந்தாளி சிரித்துக்கொண்டே கிட்ட வந்தான். அவள் பெரிய கல்லொன்றைத் தூக்கி, அவன் கண்முன்னே ஒரு கொம்பில் போட்டாள். அது அடியோடு நொறுங்கியது.

"நாளைக்கு உனக்கு இங்கே வேலையும் இல்லை, கடிதமும் இல்லை," சிஞ்ஞோரே மகேந்திரராசாவிடம் கத்தினான். விருந்தாளி துவக்கை அவள் நெஞ்சுக்கு நேரே நீட்டினான்.

மகேந்திரராசா துவக்குக்கு முதுகு காட்டிக் குந்தினார். கோரலின் நழுவிய தலையை, மிஞ்சிய கொம்பு மேலே வர நிமிர்த்தி, அசையாமல் இரண்டு கையாலும் பிடித்தார்.

"மற்றதையும் உடை, பிள்ளை."