போகாமலே முடித்த புகார்கள்

கணபதிப் பகுதியில் இருக்கும் அந்த மோட்டார் பம்பு கம்பெனியில் யஷ்வந்துக்கு டிஜிட்டல் பிரிவுத் தலைவர் என்று பெயர். முதலாளி திருமூர்த்தியின் அக்காள் மகன் என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி உண்டா என்று, அவனுக்குக் கீழே வேலை பார்க்கும் ஹிபா இரண்டு வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டாள். வாடிக்கையாளர் புகார்கள் எல்லாம் கிளவுடில், ஏதோ ஒரு வெளியூர் நிறுவனத்தின் செயலியில் கிடந்தன. திங்கட்கிழமைதோறும் அவன் அவற்றை எக்செல்லில் இறக்கி, வெட்டி, ஒட்டி, கலர் அடித்து, புதன்கிழமை மத்தியானம் ஒரு ரிப்போர்ட் தருவான். அதை உழைப்பு என்று வேறு நம்பினான்.

ஹிபா ஒரே காலையில் அந்த வேலைக்கு முடிவுகட்டினாள். சர்வரில் ஓடும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றை எழுதி, கிளவுடில் இருப்பதை அட்டவணை போலக் காட்டும் டிரைவர் என்ற இணைப்பு மென்பொருளை அதில் சேர்த்தாள். அப்புறம் வேண்டியதை எஸ்க்யூஎல் என்ற கேள்வி மொழியில் கேட்டால் போதும். நாலே வரி. புகார் எப்போது பதிவானது, எப்போது முடிந்தது, போன மெக்கானிக் யார்.

ஆயிரத்து நூற்று நாற்பது புகார்களில் எண்ணூற்றுப் பன்னிரண்டு, பதிந்த ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கப்பட்டிருந்தன. மெக்கானிக் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அதே போன் நம்பர்களிலிருந்து மறுநாளே புதுப் புகார்கள். சராசரி நேரத்தைக் குறைத்துக் காட்ட, யஷ்வந்த் ஆளே அனுப்பாமல் மூடிக்கொண்டிருந்தான். ஏமாற்றுவதைக்கூட இவ்வளவு சோம்பேறித்தனமாகவா செய்வது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

திருமூர்த்தியிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"சராசரி எத்தனைங்க அம்மணி வருது?"

"ஒன்னரை மணி நேரமுங்க சார். ஆனா அது..."

"நல்லாத்தான இருக்குது. டீலர் மீட்டிங்குக்கு அத மட்டும் எடுத்துக் குடுத்துபோடுங்க. மத்ததெல்லாம் எதுக்குங்க?"

அந்தக் குழைவான மரியாதை அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மருமகனுக்காவது விவரம் போதாது. இவர் தெரிந்துகொண்டே கேட்கிறார். "சரிங்க சார்" என்று வந்தவள், சராசரிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியையும் சேர்த்து, 'போகாமலே முடித்த புகார்கள்' என்று தலைப்பிட்டாள். கீழே 812. இதுகள் எங்கே படிக்கப்போகின்றன என்ற இளக்காரத்தோடு அச்சுக்கு அனுப்பினாள். ஆபீசில் ஒருவரும் படிக்கவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஓட்டல் ஹாலில் கூட்டம். யஷ்வந்த் மேடையில் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்து, அந்தத் தலைப்பையும் சத்தமாக வாசித்தான். சற்று நின்றான். ஹிபா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதாவதுங்க, மெக்கானிக்கே போகாம, போன்லயே எண்ணூத்திப் பன்னெண்டு பேருக்குச் சரிபண்ணிக் குடுத்துருக்கறமுங்க."

ஹால் முழுக்கக் கைதட்டல். திருமூர்த்தியும் தட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தியூர் டீலர் நஞ்சம்மாள் அவளிடம் வந்தார். கடையைத் தனியாளாக நடத்துகிறவர்.

"ஏங் கண்ணு, இந்தப் பேப்பர் நீ போட்டதா?"

"ஆமாங்க."

"எங்கூர்ல ஆறு தோட்டத்துல மோட்டார் நின்னு கெடக்குது. போன்லகூட ஒருத்தரும் பேசல. தெரிஞ்சுதான் இப்படி எழுதுனயா?"

"தெரியுமுங்க. யாராச்சும் படிச்சுப்போட்டுக் கேப்பாங்கன்னு..."

யஷ்வந்தை இத்தனை நாளும் ஹிபா எப்படிப் பார்த்தாளோ, அப்படித்தான் நஞ்சம்மாள் அவளைப் பார்த்தார்.

"வாழை காஞ்சு நிக்கறவன் உன்ற பேப்பர எங்க வந்து படிப்பான்? வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை அதே நிரலில் அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டு புகார்களின் ஊரையும் நம்பரையும் எடுத்து, யாரையும் கேட்காமல் மெக்கானிக்குகளுக்கு நேராக அனுப்பினாள். முதலில் அந்தியூரின் ஆறு தோட்டங்கள். மெக்கானிக் போய் ஆறு மோட்டாரையும் ஓட வைத்தார். நஞ்சம்மாள் அந்த மாதமே வேறு கம்பெனி மோட்டாருக்கு மாறிவிட்டார்.