கையெழுத்து விழாத வரைக்கும்

எங்க வீட்டுக்காரரு காளிராஜ் செஞ்சது பாவந்தான், நான் இல்லங்கல. சோழபுரத்துக் கண்மாய்த் தண்ணிச் சண்டையில ஒரே வீட்டு அப்பன், மகனுக ரெண்டு பேருன்னு மூணு பேரை அருவாளால வெட்டிட்டு, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி நின்னாரு. தூக்குன்னு தீர்ப்பாச்சு. மேல மேல கோர்ட்டுக்குப் போயும் அதே தூக்குதான். கவர்னரும் கையை விரிச்சுட்டாரு. கடைசியா ஜனாதிபதிக்குக் கருணை மனு போட்டோம். போட்டு வருஷக்கணக்காச்சு, பதில் இல்ல. அவரு பாளையங்கோட்டை ஜெயில்ல கெடக்காரு, நான் ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி மடிக்கேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வக்கீல் தனுஷ்கோடிக்கிட்டப் போயி, நாட்டுக்கே பெரிய மனுசரு, ஒரு வார்த்தை சொல்ல இம்புட்டு நாளான்னு சத்தம் போட்டேன். அவரு கோவப்படாம எடுத்துச் சொன்னாரு. மன்னிக்கிற அதிகாரம் ஜனாதிபதி பேர்லதான் இருக்காம். ஆனா மந்திரிமாரு என்ன சொல்லுதாங்களோ அதைத்தான் அவரு செய்யணுமாம். பிடிக்கலன்னா ஒரே ஒரு தடவை திருப்பி அனுப்பலாமாம். மந்திரிமாரு மறுபடியும் அதையே சொன்னா, கையெழுத்துப் போட்டே ஆகணுமாம். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமேன்னேன்.

"ஆனா எத்தனை நாளைக்குள்ள போடணும்னு சட்டத்துல எங்கயும் இல்லம்மா"ன்னாரு வக்கீல். "ஒருக்க திருப்பி அனுப்பியாச்சுன்னு கேள்வி. மந்திரிமாரு மறுபடியும் தூக்குன்னுதான் சொல்லியிருக்காங்க. இப்போ ஃபைல் ஜனாதிபதிகிட்ட கெடக்கு. அவரு கையெழுத்துப் போடாம வச்சிருக்கதாலதான் உன் புருஷன் உசுரோட இருக்கான். இன்னும் கொஞ்சம் நாளாகட்டும். இத்தனை வருஷம் கயித்தைக் காட்டியே வச்சிருந்தது போதாதான்னு கோர்ட்டுல கேட்டு ஆயுள் தண்டனையா மாத்தப் பாப்போம். அதுவரை யாரும் போயி உசுப்பிராதீங்க."

அன்னையிலருந்து தபால்காரரு எங்க வீட்டைத் தாண்டிப் போனாத்தான் எனக்கு மூச்சே வரும்.

எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் கருத்தப்பாண்டி, பட்டாளத்துல அவில்தாரா இருந்துட்டு வந்து கான்சாபுரத்துல விவசாயம் பாக்காரு. பட்டாளத்துல ஒரு குறைன்னா, ஜவான் அதிகாரி முன்னால மார்ச் பண்ணிப் போயி நின்னு நேராச் சொல்லலாமாம். முப்படைக்கும் தலைவரு ஜனாதிபதிதானே, அப்போ அவரும் நமக்கு அதிகாரிதான், நேர்ல நின்னா இல்லன்னு சொல்ல மாட்டாருன்னு ஒரே பிடி. வக்கீல் சொன்னதையெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தலையை நல்லா ஆட்டுனாரு. பொறவு சட்டையில மெடலைக் குத்திக்கிட்டு டெல்லிக்கு ரயிலேறிட்டாரு.

திரும்பி வந்து சொல்லுதாரு, உள்ள விடலையாம், ஆனா மனுவை மரியாதையா வாங்கிக்கிட்டாங்களாம். பழைய ராணுவக்காரன்னு டீ குடுத்தாங்களாம். ஃபைலைச் சீக்கிரம் எடுத்துப் பாக்கோம்னு சொல்லி அனுப்புனாங்களாம். சீக்கிரம் எடுத்தா தூக்குக்குத்தானே கையெழுத்து விழும்! சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! மூத்தவருன்னுகூடப் பாக்காம வாயில வந்ததையெல்லாம் சொல்லி ஏசிட்டேன். மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியுத மனுசன், ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.

வக்கீல் தலையில அடிச்சுக்கிட்டாரு. இனிமே காத்திருக்க முடியாது, உடனே கோர்ட்டுக்குப் போகணும், அதுக்கு உன் புருஷன் கையெழுத்து வேணும்னாரு. அதைச் சொல்லத்தான் ஜெயிலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவரு வந்து நின்னதும், உங்க அண்ணன் செஞ்ச வேலையைப் பாத்தீங்களான்னு ஆரம்பிச்சேன்.

"அண்ணனை ஏசாத. நாந்தான் போகச் சொன்னேன்."

கம்பி வலையைப் பிடிச்சுக்கிட்டு, எதுக்குன்னு கேட்டேன்.

"வெடியக்காலம் பூட்ஸ் சத்தம் கேட்டா, எனக்குத்தான்னு எந்திரிச்சு உக்காருதேன்"ன்னாரு. "அது தாண்டிப் போன பொறவும் படுக்க முடிய மாட்டேங்குது. தெனமும் இதேதான். விடணும்னா விடட்டும், தொங்க விடணும்னா விடட்டும். ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையட்டும்."

பதில் வரலன்னு நான் நிம்மதியா இருந்த நாளெல்லாம் இந்த மனுசன் இப்படித்தான் கெடந்திருக்காரு. பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்காக என்னால விட முடியல.

"வக்கீல் நாளைக்கு வருவாரு. கையெழுத்துப் போடுங்க. உங்களுக்காகக் கேக்கல. எனக்காகக் கேக்கேன்."

அவரு என்னையே பாத்தாரு.

"ஏட்டி, உனக்கு இரக்கமே இல்லையா?"

"இல்ல"ன்னேன்.

போடுதேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. வார்டர் நேரமாச்சுன்னு உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.