சொன்ன பயணம்

தலத்தெருத் தையல்காரன் செல்லையன் கொண்டுவந்த பொட்டலத்தில் இரண்டு கோட்டுகள் இருந்தன. ஒன்று பீர் மைதீன் மரைக்காயருடையது. தோள் அகலத்தைப் பார்த்ததுமே அமீர் நிஷாவுக்குத் தன் புருஷனுடையது என்று தெரிந்துவிட்டது. மற்றது கருநீலக் கம்பளித் துணியில், இடுப்பு ஒடுங்கி, கழுத்துப் பட்டையை வட்டமாக வெட்டித் தைத்திருந்தது. பெண்பிள்ளை போடுகிற கோட்டு. அதைக் கை மேல் விரித்து வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டாள்.

“ரெண்டுமே இங்க குடுக்கச் சொன்னாங்களா?”

“மரைக்கார் அவுங்க அக்கா வூட்டுலதான் குடுக்கச் சொன்னாங்கம்மா. மாப்புள்ள இருக்குற வூட்ட விட்டுட்டு அங்க எதுக்குன்னு நாந்தான் இங்கயே கொண்டாந்துட்டேன். வெயிலு வேற மண்டையப் பொளக்குது.”

“நல்ல காரியம் செஞ்சீங்க.”

“சின்னக் கோட்டுக்கு அளவு ஒண்ணும் குடுக்கலம்மா. காத்துலயே கையால காட்டுனாங்க. இவ்ளோ ஒசரம், இவ்ளோ ஒல்லின்னு. அத வச்சித்தான் வெட்டுனேன். பத்தலன்னா சொல்லுங்க, மடிப்புல துணி விட்டுருக்கேன்.”

செல்லையன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் சிப்பாய்களுக்கு உடுப்புத் தைத்துப் பழகியவன், காரைக்காலில் கோட்டுத் தைக்கத் தெரிந்த ஒரே ஆள். அவன் செய்த தப்பை இந்த ஊரில் எவனும் செய்வான். இங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணமானவன் பெண்டாட்டி வீட்டுக்கு வந்து சேருகிறான், மௌத்தாகிற வரைக்கும் மாப்பிள்ளையாகவே இருக்கிறான். எதையாவது ஒளித்துவைக்க வேண்டுமென்றால் அவனுக்கென்று ஒரு சுவர்கூடக் கிடையாது.

அமீர் நிஷாவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணம் முடிந்த மாதமே பீர் மைதீன் சைகோனுக்குக் கப்பலேறினார். இருபது வருஷ சபுரில், கடல் கடந்த பிழைப்பில், மூன்று தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் ஒரு மழைக்காலம் இருந்துவிட்டுப் போனார். அங்கே துணிக்கடை. கடையோடு ஒரு பொம்பளையும் உண்டு என்று ஊருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சைகோன் போன மரைக்காயர்களில் அப்படி இல்லாதவர்களை எண்ணுவதுதான் சுலபம். பிரெஞ்சுக்காரன் அங்கேயும் கொடியை இறக்கினான், இங்கேயும் இறக்கினான். மறு வருஷம் அவர் கடையை மூடிவிட்டு, காதோரம் நரைத்து, அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சோற்றில் ஆணம் ஊற்றினாள்.

இப்போது மெட்ராஸ் கம்பெனி ஒன்று கட்டம்போட்ட கைலித் துணியைக் கனடாவில் காட்டி வர அவரை அனுப்புகிறது. இரண்டு ஊர்களில் கம்பெனிக்கு ஆள் இருக்கிறது, ஆனால் சீட்டு ஒரு ஊருக்குத்தான் எடுப்பார்கள். முந்தாநாள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, இரண்டு பட அட்டைகளை அவள் முன்னால் வைத்தார். ஒன்றில் கடல் மாதிரி ஒரு ஏரி, கரையில் உயரமான கட்டடங்கள். மற்றதில் ஒரு மலை, மலை மேல் பெரிய சிலுவை.

“இது டொரொண்டோ. இங்கிலீஷ் பேசுற ஊரு. இது மொன்றியால். அங்க பிரெஞ்சு. எனக்கு அதுதான் தோதுன்னு நெனைக்கிறேன். ஆனா நீ சொல்லு நிஷா. நீ எத சொல்றியோ அங்க போறேன்.”

அவர் எங்கே போக வேண்டும் என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. சைகோனை அவளுடைய வாப்பாவும் அவருடைய வாப்பாவும் பேசி முடித்தார்கள். போர் வந்து கப்பல் நின்ற வருஷங்களில், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவும் அவளுக்கு இடம் இல்லை. முதல் தடவையாக இப்போது கேட்டார். அவள் அந்த அட்டைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். குளிர் எங்கே குறைச்சல், நம்ம சாப்பாட்டுக்கு எங்கே வழி, தெருவில் வழி கேட்டால் எங்கே பதில் சொல்வான் என்றெல்லாம் ஒரு பகல் முழுக்க யோசித்தாள். இங்கிலீஷ் தெரியாத மனுஷன். மொன்றியால் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். இன்று ராத்திரி சோறு போடும்போது சொல்வதாக இருந்தாள்.

அந்த நினைப்புதான் இப்போது நெஞ்சில் கங்காய் எரிந்தது. சைகோன்காரியை அவள் எப்போதோ விழுங்கிச் செரித்துவிட்டாள். தான் சந்தோஷப்பட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பொட்டலத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கொல்லைப்புறச் சந்து வழியாக நபீசா வீட்டுக்குப் போனாள். நபீசாவின் புருஷனும் சைகோன் சபுராளிதான், போன மாதம்தான் திரும்பி வந்தவர். நபீசா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான் பயணம் எந்த ஊருக்கு ராத்தா? முடிவாயிடிச்சா?”

“மொன்றியாலுக்குன்னு சொல்றாரு.”

நபீசாவின் விரல் இறாலின் முதுகில் அப்படியே நின்றது.

“சொல்லு.”

“நான் என்னத்தச் சொல்ல.”

“உன் ஊட்டுக்காரரு சொன்னத சொல்லு. என்கிட்ட மறைச்சி நீ சுவனத்துக்கா போவப் போற?”

நபீசா கையைக் கழுவாமலே முந்தானையில் துடைத்தாள். “அந்தப் பொம்பள மௌத்தாயி ரெண்டு வருஷம் ஆவுதாம். ஒரு பொண்ணு இருக்குதாம் ராத்தா. கன்னியாஸ்திரீங்க கூட்டிட்டுப் போயி அந்த ஊர்ல நர்சுக்குப் படிக்க வைக்கிறாங்களாம். பத்தொம்பது வயசாம்.” பிறகு, ஏதோ ஆறுதல் சொல்வதைப் போல, “மூக்கு மச்சான் மாதிரியே இருக்குமாம்” என்றாள்.

“நீ இறால உரி,” என்று சொல்லிவிட்டு அமீர் நிஷா எழுந்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போனாள், அதற்கும் அடுத்த வீட்டுக்குப் போனாள். சபுர் போகிறவன் ஊரிடம் பயணம் சொல்ல வேண்டும். ஆம்பளைகளிடம் அவன் சொல்வான், ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் நின்று கையைப் பிடித்துச் சொல்வான். பொம்பளைகளிடம் அவன் பெண்டாட்டி சொல்ல வேண்டும். எந்த ஊர் என்று சொல்லியாக வேண்டும், துஆ அந்த ஊர் பேருக்குத்தான் கேட்பார்கள். சொன்ன ஊரை மாற்றிக்கொண்டு போனால் பயணம் மையித்துப் பயணம், பிணமாகத்தான் முடியும் என்பார்கள். அப்படி மாற்றிப் போன ஒருவரின் கப்பல் கவிழ்ந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. வழக்கமாக ஆம்பளை சொன்ன பிறகுதான் பொம்பளை புறப்படுவாள். நாளைதான் வெள்ளிக்கிழமை. அமீர் நிஷா இன்றே புறப்பட்டுவிட்டாள்.

“எங்க ஊட்டுக்காரரு டொரொண்டோ போறாங்க. துஆ செய்ங்க.”

ரோஷன் பேகம் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். இந்தத் தெருவில் அவள் வாயில் விழாத குடும்பம் இல்லை. “என்ன எழவு ஊருடி அது, வாயில நுழைய மாட்டேங்குது. சைகோனுன்னா சொல்லவாச்சும் லேசா இருந்துச்சி.”

“சொல்ல லேசா இருக்குற ஊருலதான ராத்தா எல்லாரும் குடும்பம் வச்சிடுறாங்க.”

ரோஷன் பேகத்துக்குச் சிரிப்பில் புரையேறியது. “அடி ஆத்தி, ஊமைன்னு நெனச்சேன் உன்ன!” என்று தலையில் தட்டிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு சந்துக்குச் சந்து தாவிப் போகும் என்று அமீர் நிஷாவுக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த வீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து பீர் மைதீன் வந்தபோது முகம் வேர்த்திருந்தது. பாயில் உட்கார்ந்தார். அவள் சோற்றை வைத்தாள். இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் பேசினார்.

“பள்ளியில எல்லாரும் டொரொண்டோ டொரொண்டோங்கறாங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பேஷ் இமாம் துஆவே ஓதிட்டாரு.”

“நீங்கதானே என்னயச் சொல்லச் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“இங்கிலீஷ் தெரியாதேன்னு பாக்குறீங்களா? வாய் இல்லாம ஒரு ஊர்ல இருந்து பாருங்களேன். ஒண்ணும் ஆயிடாது. நான் இருந்தேன்.”

அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு ஆணத்தைத் தொட்டுக்கொண்டார். “சரி. அதுக்கென்ன. டொரொண்டோவே போறேன்.”

இவ்வளவு லேசாகத் தலையாட்டுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு சண்டைக்குத் தயாராக இருந்தாள். ‘அங்க எனக்கு ஒரு பொண்ணு இருக்கு’ என்று அவர் வாயால் வர வேண்டும். அப்போது, ‘அப்படியா, எனக்கு இல்லையே’ என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் யோசித்து வைத்திருந்தாள். அது நடக்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. அவர் கோட்டுகளைத் தேட ஆரம்பித்தார். அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். தலத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். தலத்தெருவிலிருந்து வந்தபோது முகம் செத்திருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தேடுறீங்க?”

“கைக்குட்டை.”

எழுந்து போய் ஒரு கைக்குட்டையை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். பொட்டலம் அவளிடம்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும். கேட்டால் யாருக்கு என்று சொல்ல வேண்டும். அவர் கைக்குட்டையை நான்காக மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அந்த வாரம் முழுக்க அமீர் நிஷா வயிறாரச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். சிலுவை வைத்த மலைக்கு அடியில் ஒரு பெண் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும், ஏரிக்கரையில் அவர் ஊமையாக நிற்பதையும் நினைத்துக்கொண்டே தூங்கினாள். அந்தப் பெண் என்ன பாவம் செய்தது என்ற நினைப்பும் வந்தது. வந்ததும் புரண்டு படுத்துக்கொண்டாள்.

பயணத்துக்கு முந்தின நாள் கபீர் வந்தான். அவருடைய அக்கா மகன், மெட்ராஸ் கம்பெனியில் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். மாமனை மெட்ராஸ் வரை கூட்டிப் போக வந்திருந்தான். அவள் வைத்த காலைப் பசியாறலை வளைத்துக் கட்டினான்.

“மாமி, நீங்க டொரொண்டோன்னு சொன்னதுதான் நல்லதாப் போச்சு. கம்பெனிக்கும் அதுதான் இஷ்டம். மாமாதான் மொன்றியால் மொன்றியால்னு நின்னாங்க.”

“இப்ப இல்லியாக்கும்.”

“இப்ப என்ன, ரெண்டும் ஒண்ணுதானே. அங்கேருந்து ராத்திரி ரயில் ஏறுனா காலைல மொன்றியால்ல எறங்கிடலாம். நாம பேரளத்துல ஏறி மெட்ராஸ்ல எறங்குற மாதிரி. நீங்க ஊர் சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன் மாமாகிட்ட. அப்பதான் அவுங்களுக்கு மூச்சே வந்துச்சி.” இடியாப்பத்துக்குக் கை நீட்டினான். “இன்னும் கொஞ்சம் பால் ஊத்துங்க மாமி.”

ஊற்றினாள். கிண்ணம் வழிகிற வரைக்கும் ஊற்றினாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஊரைக் கூட்டி அவள் அடைத்த கதவில் ஒரு ரயில் போகிற அளவுக்கு ஓட்டை இருந்திருக்கிறது. அவளைத் தவிர எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது. அவர் தலையாட்டியதும், சரி என்றதும், அதுக்கென்ன என்றதும் இதனால்தான். சின்னக் கோட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். முதுகில் நெடுக ஒரே வெட்டு வெட்டிவிடலாம். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளுக்கு நடுவில் துணியை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். வெட்டினால் அவர் கையை வீசிக்கொண்டு போவார். அங்கே கடையில் வேறொன்று வாங்குவார். அந்தப் பெண் போட்டுக்கொண்டு சிரிக்கும். அமீர் நிஷா என்று ஒருத்தி இருந்ததே அந்த ஊருக்குத் தெரியாது.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். தேடித் தேடிச் சிவப்பு நூலை எடுத்தாள்.

அவளுக்கு எழுதத் தெரிந்தது சின்ன வயதில் ஓதக் கொடுத்த உஸ்தாத்பீ சொல்லிக்கொடுத்த எழுத்து மட்டும்தான், தமிழை அரபு எழுத்தில் எழுதுகிற அர்வி. கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம், பிடரி வந்து படுகிற இடத்தில், வலமிருந்து இடமாகத் தன் பெயரைத் தைத்தாள். சங்கிலித் தையல். பிரித்தால் துணியும் சேர்ந்து கிழிகிற மாதிரி, ஒவ்வொரு கண்ணியையும் இரண்டு தடவை இழுத்து முடிந்தாள். விரல் நுனியில் ஊசி ஏறியது. துடைத்துக்கொண்டு தைத்தாள். முடிந்ததும், பட்டையைப் படிய மடித்து, வெளியே தெரியாமல் செய்து, அவருடைய பயணப் பெட்டியில் அவர் கோட்டை வைத்து, எல்லாவற்றுக்கும் மேலாக இதை வைத்தாள்.

காலையில் பல் தேய்க்கும் மிஸ்வாக்குக் குச்சியைப் போட அவர் பெட்டியைத் திறந்தார். கருநீலம் கண்ணில் பட்டது. கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். திரும்பியபோது கண் இரண்டும் கலங்கியிருந்தன.

“நிஷா…”

“வண்டி வந்து நிக்கிது.”

“உன்ன மாதிரி ஒரு மனுஷி…”

“பேரளம் ரயிலு நமக்காக நிக்காது. கெளம்புங்க.”

மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும். கபீர் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினான். வாசலில் ஆம்பளைகள் நின்று துஆ கேட்டார்கள், டொரொண்டோவுக்கு. மாடு கழுத்துமணியை ஆட்டிக்கொண்டு முடுக்குத் திரும்பியது. பெட்டியின் பித்தளைப் பூட்டு வெயிலில் ஒருமுறை மின்னி மறைந்தது.

அவள் உள்ளே வந்து, செல்லையன் பொட்டலம் கட்டிக் கொடுத்த பழைய காகிதத்தை மடித்தாள். எங்கோ ஒரு குளிர் ஊரில், மூக்கு அவரைப் போலவே உள்ள ஒரு பெண் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்க்கும். படிக்கத் தெரியாது. சிவப்பு நூலின் மேல் விரலை வைத்து, வாப்பாவை நிமிர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்கும். அவர் வாயைத் திறப்பார்.

நேற்றுப் பல்லால் கடித்து அறுத்த சிவப்பு நூல் துண்டு ஒன்று அவள் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அமீர் நிஷா அதை எடுத்து, ஆள்காட்டி விரலில் சுற்றினாள். நுனி வெளுத்துப் போகும்வரை இறுக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.