ரயிலடியில் சாவிக்காரன்

சாவிக்காரனைத் தெரிந்தவர்கள் நியூயார்க்கிலேயே அதிகம் பேர் கிடையாது. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாளில் நடைபாதைப் பத்திரிகைக் கடைகளில் படக்கதைப் புத்தகங்களின் முகமூடி வீரர்கள் துணிக்கொடியில் தொங்குகிற மாதிரி வரிசையாகத் தொங்கினார்கள். பறக்கிறவன், நெருப்பில் குளிக்கிறவன், சுவரை நெஞ்சால் இடிக்கிறவன் என்று ஆளுக்கொரு வித்தை. சாவிக்காரன் அட்டைப்படத்துக்கே வராதவன். புத்தகத்தின் கடைசியில், பல்பொடி விளம்பரத்துக்கு முன்னால், அவனுக்கு ஆறு பக்கம். எந்தப் பூட்டும் அவன் கை பட்டால் திறக்கும். அவ்வளவுதான் அவன் சக்தி. ஊதா உடுப்பு, நெஞ்சில் மஞ்சள் சாவி. அந்தக் கூட்டத்தில் அவன் உப்புக்குச் சப்பாணி.

அவனை வரைந்தவள் பெய்லா. ஒரு தையல் கம்பெனி காலி செய்துவிட்டுப் போன மாடியில் பிரெஸ்கின் என்பவர் நடத்திய படக்கதைப் பட்டறையில் வேலை. ஒருவன் பென்சிலில் போடுவான், இன்னொருவன் மை ஏற்றுவான், டோமினிக் என்ற இத்தாலியன் பேச்சுகளை எழுதுவான். பெய்லா பென்சில் கோடுகளை அழிக்கத்தான் சேர்ந்தாள். ஆண்களெல்லாம் ராணுவத்துக்குப் போகப்போக, நாற்காலி நாற்காலியாக நகர்ந்து சாவிக்காரனிடம் வந்து சேர்ந்தாள். யாருக்கும் வேண்டாத வீரன், யாருக்கும் வேண்டாத நாற்காலி என்று டோமினிக் கேலி செய்வான். அவளுக்கு உறைக்காது. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

அவளுடைய அப்பா ஹெர்ஷ் தொப்பி ஃபேக்டரியில் துணி வெட்டுகிறவர். இங்கிலீஷ் படிக்க வராது. முதல் தடவை மகள் வரைந்ததைப் பார்த்ததும் தொழில்காரருக்கு வரவேண்டிய கோபம்தான் வந்தது.

"தலையில ஒரு தொப்பி இல்லாம இவன் எந்தத் திருடனைப் பிடிக்கப் போறான்?" என்றார்.

அடுத்த இதழில் சாவிக்காரனுக்கு ஒரு தொப்பி வந்தது. இடது காது மூடும்படி சாய்த்துப் போட்ட சாதாரணத் தொப்பி. வீட்டுச் சுவரில் இருந்த போட்டோவில் லெய்செர் சித்தப்பா அப்படித்தான் போட்டிருப்பார். போலந்தில், பியாலிஸ்டாக்கில், பூட்டு ரிப்பேர் செய்கிறவர். பெய்லா அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஹெர்ஷ் அந்தத் தொப்பியை வெகுநேரம் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை. அதிலிருந்து மாதா மாதம் புத்தகம் வீட்டுக்கு வந்ததும், "அவன் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்பார். இந்த மூஞ்சிக்கு ஒரு தொப்பி கேடா என்று கேட்டு ஓஹையோவிலிருந்து ஒரு பையன் பட்டறைக்கு எழுதியிருந்தான். சாவிக்காரனுக்கு வந்த ஒரே கடிதம் அதுதான்.

பியாலிஸ்டாக்கிலிருந்து கடிதம் நின்று போய் ரொம்ப நாளாகியிருந்தது. ஹெர்ஷ் தினமும் யூதர்களின் இத்திஷ் மொழிப் பத்திரிகை வாங்குவார், படிப்பார், நாலாக மடித்து ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவார். அதில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்ல மாட்டார். பெய்லாவும் கேட்க மாட்டாள். கேட்காமல் இருந்ததை எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே, அதனால் அவள் சாவிக்காரனை ஐரோப்பாவுக்கு அனுப்பினாள். சுற்றிலும் மதில் எழுப்பிய ஓர் ஊர். உள்ளே ஜனங்கள், வெளியே சிப்பாய்கள். சாவிக்காரன் கதவைத் திறந்து உள்ளே போகிறான். கடைசிப் படக் கட்டத்தில் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொள்கிறது. உள்பக்கம் பார்த்தால் பூட்டே இல்லை, வெறும் இரும்பு. அடுத்த மாதம் பாருங்கள் என்று டோமினிக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினான்.

தன் சாமர்த்தியத்தை நினைத்து பெய்லாவுக்கு உள்ளூரப் பெருமை. புத்தகம் வந்ததும் ஹெர்ஷ் மேஜையில் விரலால் ஒரு கதவு வரைந்து காட்டினார்.

"பூட்டு இல்லாட்டி என்ன, கீலைக் கழட்டணும். லெய்செரா இருந்தா அதான் செய்வான்."

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். அதையேதான் வரையப் போகிறேன் என்றாள் பெய்லா. அவர் தலையாட்டிவிட்டு, தனக்கொன்றும் புத்தி கெட்டுவிடவில்லை, படம் படம்தான் என்று தெரியும் என்றார். ஆனாலும் அவனைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்துவிடச் சொன்னார்.

அந்த வாரமே பிரெஸ்கின் சாவிக்காரனை நிறுத்திவிட்டார். காகிதத்துக்கு ரேஷன், புத்தகத்தில் பக்கங்கள் குறைகின்றன. மிச்சமிருந்த இடத்தில் பாப்பி என்ற பெண்ணின் சிரிப்புக்கதை வரப்போகிறது. கடை கடையாக ஏறி இறங்குவதும் தொப்பிப் பெட்டியைத் தொலைப்பதும்தான் பாப்பியின் வீரச்செயல். அவளையும் பெய்லாதான் வரைய வேண்டும்.

பெய்லா அவர் மேஜை முன்னால் நின்று கெஞ்சினாள். ஆறு பக்கம் கேட்டாள், ஒரு பக்கம் கேட்டாள், கடைசியில் ஒரே ஒரு கட்டம் கேட்டாள். கதவு திறந்தது என்று மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

பிரெஸ்கின் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எனக்கும் அங்க ஆளுங்க இருக்காங்கம்மா. என் அக்கா, அவ பசங்க. ஒரு கட்டம் போட்டா வந்துடுவாங்கன்னா நானே உக்காந்து வரைய மாட்டேனா?"

பெய்லா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

கீல்கள் கழன்று கதவு சாய்கிற படத்தை வீட்டிலேயே வரைந்து அப்பாவிடம் கொடுத்தாள். மனசு கேட்கவில்லை, கொடுத்துவிட்டாள். ஹெர்ஷ் வெள்ளை அட்டையைத் தடவிப் பார்த்தார். நிறம் இல்லை, அச்சு மை வாசனை இல்லை.

"இது நீ எனக்காகப் போட்டது. கடைக்கு வராது, இல்லையா?"

வராது என்று ஒப்புக்கொண்டாள். அவர் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். நாலு பேர் பார்த்தால்தான் அவன் வெளியே வந்ததாக அர்த்தம் என்றார். மகள் அப்பனுக்குச் சொல்லும் ஆறுதலில் எவன் வெளியே வந்தான்?

பாப்பியின் இரண்டாவது கதையில் ஒரு ரயில் நிலையம் வந்தது. பாப்பி தொப்பிப் பெட்டிகளோடு முன்னால் நிற்கிறாள். பின்னால் ரயிலிலிருந்து இறங்கும் கூட்டம். சாதாரணமாக இப்படிப்பட்ட கூட்டத்துக்கு தலைக்கு நாலு முட்டை வட்டம், உடம்புக்கு ஐந்து கோடு போதும். பெய்லா சாப்பாட்டு வேளையைக்கூட விட்டுவிட்டு ஒவ்வொருவராக வரைந்தாள். மூட்டை தூக்கிய பெண்கள், கோட்டு மாட்டிய கிழவர்கள், தோளில் குழந்தைகள். எல்லாரும் அந்த மதில் ஊர் ஜனங்கள். அவர்கள் நடுவில், இடது காது மூடிய தொப்பியோடு, முகமூடியைக் கழற்றிவிட்ட சாவிக்காரன்.

எழுத்துப் போட வந்த டோமினிக் பார்த்துவிட்டான். அப்புறம் பாப்பியின் பேச்சுக் குமிழியை அந்தத் தொப்பிமேல் விழாதபடி கொஞ்சம் தள்ளி எழுதினான். பிரெஸ்கின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

பெய்லா அப்பாவிடம் சொன்னாள்: அவன் வெளியே வந்துவிட்டான், எல்லாரையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்து இறங்குகிறான், வசந்தத்தில் கடைக்கு வரும். ஹெர்ஷ் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். பத்திரிகைக் கடைக்காரன் அவரைப் பார்த்ததும் இன்னும் வரவில்லை என்று தூரத்திலேயே கைகாட்டும் அளவுக்கு ஆகிவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் பெய்லா யோசிக்கவில்லை. பட்டறையில் அவர்கள் பார்த்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் பக்கங்கள். நிறம் ஏற்றுவது வேறு ஊர் அச்சகத்தில், முகம் தெரியாத பெண்கள். சாவிக்காரனுக்கு ஊதா என்று ஓரத்தில் குறித்திருந்தால் பிரெஸ்கினுக்குத் தெரிந்துபோகும் என்று அவள் எதையும் குறிக்கவில்லை. குறிப்பு இல்லாத கூட்டத்தை அச்சகத்தில் என்ன செய்வார்கள் என்பது பட்டறைப் பூனைக்குக்கூடத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆசை மறைத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெர்ஷ் புத்தகத்தோடு படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பெய்லா அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

பாப்பிக்குச் சிவப்புக் கவுன், மஞ்சள் முடி, பச்சைப் பெட்டிகள். அவளுக்குப் பின்னால் அத்தனை பேரும் ஒரே நீலம். முகமும் நீலம், கோட்டும் நீலம், மூட்டையும் நீலம். யுத்தகாலத்துக் காகிதத்தில் மை ஊறி, அவள் பார்த்துப் பார்த்துப் போட்ட மெல்லிய கோடுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதுல எவன்?" என்றார் ஹெர்ஷ்.

தூணுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆளாகத்தான் போட்டிருந்தாள். அங்கே இப்போது ஒரு நீலத் திட்டு இருந்தது. தொப்பியா, யாருடைய தோள் மூட்டையா, வரைந்தவளுக்கே தெரியவில்லை. ஏதோ ஒன்றின்மேல் விரலை வைத்தாள்.

"இதோ, இவர்தாம்ப்பா."

ஹெர்ஷ் குனிந்து, மகளின் நகத்துக்கு அடியில் வெகுநேரம் பார்த்தார். "இளைச்சுட்டான்," என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் கண்ணை ஓட்டினார்.

"இவங்க எல்லாரும் அங்கேருந்து வந்தவங்களா?"

"ஆமாப்பா."

"இத்தனை பேருமா?"

"இத்தனை பேரும்."

"அப்ப ஏன்மா ஒருத்தருக்கும் முகம் இல்ல?"

பெய்லா விரலை எடுக்கவில்லை. எடுத்துவிட்டால், எந்த இடத்தில் வைத்தாள் என்று மறுபடி கண்டுபிடிக்க அவளால் முடியாது.