கண்ணை மூடிப் போட்ட ஐம்பத்தெட்டு

கட்டுரை திருத்துகிற வேலையில் இருக்கிற அழுக்கை வெளியே சொன்னால் ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஐம்பதுக்குக் கீழே போட்டால் ஏன் போட்டாய் என்று மூன்று பக்கம் எழுத வேண்டும். அறுபதைத் தொட்டால் கட்டுரை இரண்டாவது ஆளிடம் போகும். அதற்கும் ஒரு பக்கம் எழுதித் தொலைக்க வேண்டும். நடுவில் எதைப் போட்டாலும் கேட்க நாதியில்லை. அதனால் அஞ்சல் வழி முதுகலைக்குத் திருத்துகிறவர்களில் பாதிப் பேர் ஐம்பத்தெட்டைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். மாணவருக்கும் பாஸ், இவர்களுக்கும் நிம்மதி.

அங்கே பாடம் சொல்லிக்கொடுத்துத் திருத்தவும் செய்கிற டியூட்டரம்மாவுக்கு இது தெரியாததில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த நர்ஸ் போனில் சொன்னதைக் கேட்டபோது வயிறு எரிந்தது.

நர்ஸ் இந்த வருஷம்தான் இவளிடம் வந்த மாணவி. வார்டு வேலை முடித்து, பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போனில் சந்தேகம் கேட்பாள். அவளுடைய இரண்டாம் தாள் கட்டுரையை டியூட்டரம்மா ஒரே மூச்சில் படித்து, எழுபத்துநாலு போட்டு, அந்த ஒரு பக்க விளக்கத்தையும் ஆசையாகவே எழுதினாள். நல்ல சேதியாயிற்றே என்று கூப்பிட்டுச் சொன்னால் மறுமுனையில் சந்தோஷமே இல்லை.

“இதுல வந்து என்ன மேடம். போன வருஷத் தாள்ல ஐம்பத்தெட்டுல மாட்டிக்கிட்டேனே.”

ஒவ்வொரு தாளிலும் அறுபது இருந்தால்தான் ஆய்வேடு எழுத விடுவார்கள். ஆய்வேடு இல்லையென்றால் பட்டம் இல்லை. மறுமதிப்பீடு கேட்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

அந்தப் போன வருஷக் கட்டுரையை அனுப்பச் சொல்லி வாங்கிப் படித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் மருந்தை எப்படியெல்லாம் தப்பாகச் சாப்பிடுகிறார்கள் என்று பதினாலு பேரின் கதை. மூக்கில் விட வேண்டிய சொட்டு மருந்தை ஒரு மாதம் காதில் விட்டுக்கொண்ட பெரியவர்கூட அதில் இருந்தார். கடைசியில், ஆபீஸ் கொடுத்த ரெடிமேட் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டிய குறிப்பு: ‘நல்ல முயற்சி. எடுத்துக்காட்டுகள் தேவை.’

“தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா,” என்றாள் கணவரிடம். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை, உனக்கு எதற்கு ஊர் வம்பு என்றார் அவர். கேட்டால்தானே. அன்றைக்கே நர்ஸின் விண்ணப்பத்தோடு தன் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினாள். திருத்தியவர் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை, இப்படிப்பட்டவரை வேலையில் வைத்திருப்பதே பாவம் என்று காரசாரமாக எழுதியிருந்தாள்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். எல்லாரும் ஒரே குடும்பம், கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால் நல்லது என்று வெண்ணெயாகப் பேசினார். எவனையோ காப்பாற்றப் பார்க்கிறார் என்று இவளுக்கு இன்னும் ஏறியது. முடியாது என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. விதிப்படி, திருத்தியவரிடம் விளக்கம் கேட்கிறார்களாம். கூடவே இவள் எழுதிய கடிதமே இருந்தது, பெயரை மட்டும் மறைத்து. எழுதினவளுக்கே திருப்பி அனுப்பியிருக்கிற கூமுட்டைகள் என்று கொதித்துப்போய் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டாள்.

அவர் கொஞ்சம் இருமினார். “தப்பா வரலைங்க மேடம். உங்களுக்குத்தான் அனுப்பினோம்.”

போன வருஷக் கோப்பைத் திறந்தாள். போன வருஷம் யாருடைய மாணவர் கட்டுரையும் யாருக்கும் வரும்; பெயர்கள் இல்லை, வெறும் எண்கள். திருத்தியவர் எண் அவளுடையதுதான். வீடு மாறிய வாரம் அது. நூற்றுப்பத்துக் கட்டுரைகள், சுற்றிலும் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறாள். எத்தனை பேருக்கு என்று எண்ணத் தொடங்கி முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். அடுத்தவரைக் காறித் துப்பிய வாயை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

ஒருங்கிணைப்பாளர் வழியும் சொல்லியிருந்தார். படிவத்தில் ‘கூட்டல் பிழை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டுப் புது மார்க்கைப் போட்டால் விஷயம் முடிந்தது, நர்ஸுக்கும் வேண்டியது கிடைத்துவிடும், யாருக்கும் தெரியாது. அந்தக் குழைவான குரலைவிட, அதைக் கேட்டதும் தனக்குள் எழுந்த நிம்மதிதான் அவளுக்கு அதிகம் கூசியது. ‘பிற காரணம்’ என்ற கட்டத்தில் ‘கட்டுரையைப் படிக்கவில்லை’ என்று எழுதி, எழுபத்தொன்று போட்டு அனுப்பினாள். மற்ற ஐம்பத்தெட்டுகளையும் திரும்பத் திருத்தித் தருகிறேன் என்று கீழே சேர்த்தாள்.

பிறகு நர்ஸைக் கூப்பிட்டாள். மார்க் மாறுகிறது என்றதும் அவள் அழ ஆரம்பித்தாள். நீங்கள் ஒருத்தர்தான் மேடம் நான் எழுதியதைப் படித்தவர் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“சிஸ்டர், ஒரு நிமிஷம். அந்த ஐம்பத்தெட்டு போட்டது நான்தான். படிக்காமலேயே போட்டேன்.”

அழுகை நின்றது. பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவள் ஏறவில்லை.

“அப்ப, இப்ப எழுபத்துநாலு போட்டீங்களே மேடம். அதையாவது படிச்சீங்களா?”

“படிச்சேன் சிஸ்டர். ஒரு வரி விடாம படிச்சேன்.”

“சரிங்க மேடம்,” என்று சொல்லி நர்ஸ் போனை வைத்துவிட்டாள்.