இருமல்: இல்லை

பீர்க்கன்கரணையில் கோதண்டம் அண்ணன் வீட்டுக்குள் நான் நுழைந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு மாதமாக உட்கார்ந்தேதான் தூங்குகிறாராம். எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் இரண்டு தலையணை, தலையணையில் சாய்த்த நெற்றி. வயது நாற்பத்தாறுதான். பதினோரு வருடம் எங்கள் கம்பெனியில் மணல் அடித்தவர்.

மணல் அடிப்பது என்றால், வார்ப்பிரும்புச் சாமான்களில் ஏறியிருக்கும் துருவைப் போக்கக் குழாய் வழியாக மணலைக் காற்றின் வேகத்தில் பீய்ச்சுவது. அந்தத் தகரக் கொட்டகைக்குள் பத்து நிமிஷம் நின்றால் கண்ணிமை வெளுத்துவிடும். மூக்கை மூட ஒரு துண்டு, அவ்வளவுதான். நான் ஆபீஸ் கிளார்க். அந்தக் கொட்டகைக்குள் ஏழு வருடத்தில் நாலு தடவை போயிருந்தால் அதிகம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் நடக்கும். ஒரு டாக்டர் வருவார், வடை சாப்பிடுவார், நாற்பது படிவங்களில் அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். படிவத்தை நிரப்புவது என் வேலை. இருமல், மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், எடை குறைவு என்று வரிசையாகக் கேள்விகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டு, குண்டு குண்டான கையெழுத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். சத்தியநாதன் என்று ஒருவர், "நெஞ்ச அடைக்குதும்மா, ராவெல்லாம் மூச்சு இயுக்குது" என்றார். அதையும் எழுதினேன். அடுத்த வாரம் முதலாளி பட்டாபிராமன் சார் அவரைக் கூப்பிட்டு, "உடம்பைப் பாத்துக்கோங்க, சரியானதும் வாங்க" என்று தோளில் தட்டி அனுப்பிவைத்தார். சத்தியநாதனுக்குச் சரியாகவே இல்லை.

அதற்குப் பிறகு கம்பெனியில் யாருக்கும் நோய் வரவில்லை. ரத்தமாகத் துப்பியவர்கூடத் தொண்டை கமறுது என்றார். இழுப்பு என்பதைத் தூசி ஒத்துக்கலை என்றார்கள். கடைசியில் அதுவும் போய், "நல்லா கீறேன்னு போட்டுக்கோம்மா" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் போட்டேன். இல்லை, இல்லை, இல்லை. யார் வயிற்றிலும் அடிக்காத கிளார்க் என்று எனக்குப் பெயர் வந்தது. மறைப்பானேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அவர் மனைவி குப்பம்மா அக்கா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்தாள். பெருங்களத்தூர் மார்க்கெட்டில் நாலு கடைக்கு அப்பாலும் கேட்கிற குரல் அவளுக்கு. வீட்டில் அதை இறக்கி வைத்திருந்தாள்.

"எடுத்தாந்தியாம்மா?"

ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மணல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, இனி இளகாது. ஆனால் வேலையால் வந்த நோய் என்று மெடிக்கல் போர்டு ஒப்புக்கொண்டால் ஆயுசுக்கும் பென்ஷன் உண்டு. கம்பெனியில் உடல்நிலையைப் பற்றி எழுதிவைத்த காகிதம் எல்லாம் வேண்டும். திங்கட்கிழமை போர்டு.

நான் பையிலிருந்து ஜெராக்ஸ்களை எடுத்து நீட்டினேன். கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். மாடம்பாக்கத்திலிருந்து வண்டியில் வரும் வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"எனுக்கு இன்னா தெரியும், நீயே படி. இந்த மனுசன் இருமி இருமி செத்ததெல்லாம் அதுல கீதான்னு பாரு."

முதல் தாளைப் படித்தேன். "பெயர், கோதண்டம். இருமல், இல்லை. மூச்சுத்திணறல், இல்லை." இரண்டாவது தாளையும் படித்தேன். மூன்றாவதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"யாரு எயுதினது இத?"

"நான்தான்க்கா."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. கோதண்டம் அண்ணன் தலையணையிலிருந்து நெற்றியை எடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்காகக் காத்திருந்து பேசினார். "அந்தப் பொண்ண... ஒண்ணும் சொல்லாத. நான்... சொல்லித்தான்... எயுதிச்சி."

"நீ சொன்ன, அது எயுதிச்சி. அப்ப பதினோரு வருசமா உன் இருமலுக்கு நான் ஒருத்திதான் சாட்சியா? என் சாட்சிய எந்த டாக்டரு கேப்பான்?"

வெளியே யாரோ பைக்கை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை.

"ஒரு வெள்ளைத்தாள் குடுங்கக்கா" என்றேன்.

கோதண்டம் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கையை ஆட்டினார். "வேணாம்மா. நீ எயுதினா... எல்லாரையும்... மிஷின்ல ஊதிக் காட்டச் சொல்வான். ஊத முடியாதவனெல்லாம்... வூட்டுக்குத்தான். என்கூட... மணல் அடிக்கிற மெர்வினுக்கு... இப்பதான் கொயந்த பொறந்து கீது."

"உனுக்கே மூச்சு வுட முடில, ஊருக்குப் பேசறியா?" என்று கத்திவிட்டு அழுதாள் குப்பம்மா அக்கா. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு பழைய நோட்டிலிருந்து தாளைக் கிழித்து என் மடியில் போட்டாள்.

எழுதினேன். இவர் என்னிடம் இருமியபடிதான் பேசினார், நான் 'இல்லை' என்று எழுதினேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் எழுதினேன், இவருக்கு மட்டுமல்ல. ஜெயப்ரியா, அலுவலக எழுத்தர். கையெழுத்துப் போடும்போது என் வேலை போவது பெரிதாகத் தெரியவில்லை. 'இவருக்கு மட்டுமல்ல' என்பதை எழுதியிருக்க வேண்டுமா என்பதுதான் தெரியவில்லை. குப்பம்மா அக்கா அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

மறுநாள் சனிக்கிழமை, கேம்ப். டாக்டர் பத்தரைக்கு வருவதாகச் சொன்னார்கள். ஒன்பது மணிக்கே நான் எல்லோரையும் ஆபீசுக்குள் வரச்சொன்னேன். பல வருடத்துக்குப் பிறகு எதிரில் நாற்காலி போட்டேன். வந்தவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். முதலில் மெர்வின். இருபத்தாறு வயது. சட்டைக் காலருக்குள் கழுத்து இளைத்திருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"எப்பவும் போல போட்டுக்கோக்கா" என்றான் நின்றுகொண்டே.

"உக்காரு. கேட்டுட்டுதான் எழுதப்போறேன். இருமல் இருக்கா?"

"இன்னாக்கா திடீர்னு?"

"இருக்கா மெர்வின்?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான், உடனே மூடிக்கொண்டான். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அந்த அறையில் அத்தனை பேர் நின்று ஒரு செருமல்கூடக் கேட்காமல் இருந்ததே இல்லை. மெர்வின் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, நெஞ்சு உள்ளேயே குலுங்கியது, கண்ணில் நீர் தளும்பியது. உதட்டை இறுக்கி மூடியபடி, என்னைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.