முப்பத்திரண்டு பாகைக் கோபம்

சந்திரவதனாவின் கோபம் முப்பத்திரண்டு பாகை. சிட்னியில், லிட்கத்தில் பாம்பு, பல்லிகளுக்கு மருந்து கொடுக்கும் மிருக வைத்தியர் தன் வெப்பமானியை அவளுடைய கையருகே, தோலில் படாமல் பிடித்துப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொன்னார். பாம்புக்கு அந்தச் சூடு போதும் என்றும் சொன்னார்.

பாம்பின் பெயர் குட்டியன். இங்கே லைசென்ஸ் எடுத்துப் பலரும் வளர்க்கும் சாதுவான மலைப்பாம்பு. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் சந்திரவதனாவோடு தாதியாக இருந்த ஒருத்தி ஊர் மாறிப் போகும்போது விட்டுப்போனது. சந்திரவதனா அதற்குக் கண்ணாடிப் பெட்டி, சூட்டு விரிப்பு, சூட்டை அளவாக வைக்கும் கருவி எல்லாம் பூட்டி, பிள்ளை மாதிரி வைத்திருந்தாள். கணவர் அருந்தவனுக்கோ வெளிக்கிடும்போது பிரிட்ஜைத் தவிர வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சையும் நிறுத்தாவிட்டால் காலே வாசலைத் தாண்டாது. எங்கள் ஆட்கள் பலருக்கும் உள்ள வியாதிதான். ஒரு ஜூலைக் குளிரில் மெல்பேர்னில் கலியாணவீடு. "பாம்பின்ர சுவிட்சை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு அவள் காரில் ஏறினாள். ஓம் ஓம் என்றவர், உள்ளே போய் அதையும் நிறுத்தினார்.

திரும்பி வந்தபோது குட்டியன் தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கில் குமிழிகள். அருந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "பாம்புக்கு என்ன குளிர்? காட்டில ஆர் அதுக்கு ஹீற்றர் போட்டவை?" என்று கேட்டுச் சிரித்தார். சந்திரவதனாவின் உடம்பு கோபத்தில் சுட்டது. குசினியில் பட்டர் உருகியது, யன்னல்கள் வேர்த்தன. சுவிட்சைப் போட்டபோது கருவி புகைந்து செத்தது. நுரையீரலில் கிருமி என்ற வைத்தியர், சூடு இல்லாமல் ஊசி வேலை செய்யாது என்றார். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். புதுக் கருவி வந்த பிறகும் குட்டியன் அந்தச் சூட்டை ஏற்கவில்லை. விரிப்பில் விட்டால் இழுக்கும், அவள் மடியில் விட்டால் அமைதியாக மூச்சு விடும். வேலைக்குப் போகும் நாட்களில் போட்டுக் கழற்றிய சட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவாள். அவள் வரும்வரை சட்டையின் சூடு ஆறாது.

ஒரு பாம்புக்காக இவ்வளவு கோபமா என்று சனம் கேட்டது. கேட்டவர்களின் கண்ணுக்குப் பாம்புதான் தெரிந்தது, அவள் இரண்டு தரம் சொன்னது தெரியவில்லை. இருபது வருடமாக அவள் சொன்னது எதுதான் அந்த வீட்டில் காதில் விழுந்தது? எங்கள் ஆட்களில் மூத்தவரான கமலினி அன்ரி வேலை மெனக்கெட்டு வந்து, "அந்த மனுசன் பாவம், வேர்த்து வழியுது. மன்னிச்சு விடும் பிள்ளை" என்றார். மூச்சுத் திணறியது பாம்பு, பரிதாபம் மனுசனுக்கு! மனதை ஆற்றும் குளிசை என்று ஒன்றைக் கையிலும் திணித்தார். ஊர் வாய்க்குப் பயந்து சந்திரவதனா அதைப் போட்டாள். பின்னேரத்துக்குள் அவள் உடம்பு ஆறியது. அன்ரிக்குச் சந்தோஷம். குட்டியனின் மூக்கில் மறுபடி குமிழி வந்தது.

"என்ர கோவத்திலதான் இந்த உயிர் மூச்சு விடுது அன்ரி. உங்கட குளிசையை நீங்களே போடுங்கோ" என்று சொல்லி அவள் மிச்சத்தைக் குப்பையில் எறிந்தாள். எறியும்போதே யன்னல் வேர்த்தது.

அன்றுதான் அருந்தவன் முதன்முதலாகக் கிட்ட இருந்து பார்த்தார், ஒரு பாம்பு மூச்சுக்குத் தவிப்பதை. அவர் முகம் வெளிறியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார்.

"இப்ப சொல்லாதேங்கோ," என்றாள் சந்திரவதனா. "குளிர் முடியட்டும்."

அவர் காத்திருந்தார். குளிர் முடிந்து தெரு மரங்களில் ஜக்கரண்டா பூத்தது. நுரையீரல் சுத்தம், இனி விரிப்பின் சூடே போதும் என்றார் வைத்தியர். அன்று பின்னேரமே அருந்தவன் வந்து நின்று, "நீர் சொன்னதை நான் காதில வாங்கேல்லை. பாம்பு மட்டுமில்லை, எல்லாத்திலயும்தான். மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

"ஓம், கேட்டன்" என்றாள்.

அவர் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சூடு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. இனிப் பாம்புக்கும் அது தேவையில்லை, அது அவளுக்கே உரியது. கொஞ்ச நேரத்தில் சேர்ட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டவர், "யன்னலைத் திறக்கட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றாள்.

யன்னல் பூட்டித்தான் இருக்கிறது. அருந்தவன் இப்போது வருடம் முழுக்க வீட்டில் பெனியனோடு இருக்கிறார்.